வாயில் யார் கையில்?

வன்னிப் பெருநிலத்தாருக்கு இணைப்பு என்பது வெறுங் கலைச்சொல் அன்று. 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனை வாயில்கள் நின்றன. 2006 ஓகஸ்டில் முகமாலை வாயில் மூடப்பட்டதும், வீதி கிடந்தபடியே கிடக்க, யாழ்ப்பாணத்துக்கான வழி அடைபட்டது. மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்த முயற்சியின் வரலாற்றிலும் வாயிலைப் பற்றிய வினாவே முதன்மை பெறுகின்றது.

ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் மற்றொன்றின் விற்பனை மென்பொருளோடு இயல்பாகப் பேசுவதில்லை. 2000ஆம் ஆண்டில் சேல்ஸ்போர்ஸ், ஈபே ஆகியன பிறருடைய நிரல்கள் நுழைதற்கெனத் தம் மென்பொருளில் வாயில் அமைத்தன. எனினும், 10 மென்பொருள்களைத் தனித்தனியே பிணைப்பதற்கு 45 இணைப்புகள் வேண்டும். நடுவே பொதுமேடை ஒன்றை நிறுத்தின் 10 போதும். 2011இல் தோன்றிய ஸப்பியர் முதலியன இக்கணக்கின் பயனை அறுவடை செய்தவையே. பின்வந்த மேடைகள் வேறொரு தேவையை நிறைவுசெய்தன. மென்பொருளை விற்பவர், தம் வாடிக்கையாளர் காணுந் திரையினுள்ளேயே பிற நிறுவனச் செயலிகளை இணைக்கும் வசதியை அவற்றைக் கொண்டு அமைக்கலாயினர். வாடிக்கையாளர் ஒருமுறை இசைவு அளிப்பார். தரவின் வடிவத்தை மாற்றுதல், அறுந்த தொடர்பை மீள முயலுதல் யாவும் மேடையின் பணி.

அவ்விசைவு கடவுச்சொல்லைக் கையளிப்பதன்று. 2012இல் நியமமான ஓஓத் 2.0 முறைப்படி, இன்ன தரவை மட்டும் காணலாம் என வரையறுத்த, வேண்டும்போது மீளப்பெறத்தக்க அனுமதியே வழங்கப்படுகின்றது. 'பாஸ்' எடுத்து வவுனியாவில் நடமாடிய தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இலங்கையில் இதற்கு அண்மித்த எடுத்துக்காட்டு வங்கித்துறையிலுண்டு. 2015இல் லங்காகிளியர் நிறுவனம் தொடங்கிய பொது ஆளி, வங்கிகளுக்கிடையே உடனடிப் பணமாற்றத்தை இயலச்செய்தது. 2018இல் மத்திய வங்கி லங்காகியூஆர் நியமத்தை வெளியிட்டது. அதன்படி, கிளிநொச்சிக் கடைக்காரர் ஒரே குறியீட்டை ஒட்டிவைத்து, அத்திட்டத்திற் சேர்ந்த எவ்வங்கியின் செயலியிலிருந்தும் பணம் பெறலாம். இங்கு விதியை வகுத்தது பொது நிறுவனம். வணிக மேடைகளிலோ வாயிலுக்கு உரியவர் வைத்ததே விதி. 2018இல் கூகிள் தன் நிலப்படச் சேவையின் கட்டண முறையை மாற்றியது. அதனை நம்பித் தொழில் தொடங்கிய சிறுநிறுவனங்கள் பெருஞ்செலவை எதிர்கொண்டன. 2023 சனவரியில் ருவிற்றர், பிறர் ஆக்கிய வாசிப்புச் செயலிகளை முன்னறிவித்தலின்றி விலக்கியது. அவற்றுட் சில பத்தாண்டுக்கு மேலாக இயங்கியவை.