பதிவேட்டில் குடித்த பால்: ஆலைக் குழந்தைக் காப்பகங்களும் ஆய்வாளரின் கண்ணும்

என் தங்கை மூன்று வயதுவரை தினமும் அரை பைண்ட் பால் குடித்திருக்கிறாள். பதிவேட்டில். அம்மா வேலை பார்த்த நூற்பாலையின் குழந்தைகள் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே பால் கொடுத்ததற்கான குறியும் இருந்தது. அந்த அறைக்குள் அவள் போனது மொத்தமே நான்கைந்து முறைதான். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று முந்தின நாள் சாயங்காலமே ஆபீசுக்குத் தெரிந்துவிடும். 'நாளைக்குப் புள்ளைகளக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க' என்று மேஸ்திரி லைன் வீடுகளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் காலை அந்த அறையிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டைகள் வெளியே போகும், தொட்டில்கள் உள்ளே வரும். ஒரு மூன்று சக்கர சைக்கிளும் உண்டு. ஜீப் கேட்டைத் தாண்டியதும் அது திரும்ப ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும்.

மற்ற நாட்களில் தங்கை இருந்தது எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருந்த ஒரு பாட்டியிடம். சங்கு ஊதுமுன் ஏழெட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து சேரும். சனிக்கிழமை சம்பளத்தில் தலைக்கு இவ்வளவு என்று பாட்டிக்குக் கொடுப்பார்கள். பாட்டி நல்லவர். எந்தப் பிள்ளைக்கு எப்போது பசிக்கும், எது யாரைக் கடிக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் ஒரு பிள்ளையைத் தூக்கப் போன நேரத்தில் வடித்து வைத்திருந்த கஞ்சி சரிந்து தங்கையின் இடது கால் வெந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. அம்மா அவரைத் திட்டாததும் நினைவிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் அண்மையில் நடந்த ஒரு விவாதம். குழந்தைக் காப்பகங்களுக்கு உரிமம், தரநிர்ணயம், பாதுகாப்பு ஆய்வு வேண்டும் என்று ஒரு தோழர் பேசியபோது, ஃபூக்கோவை ஆழ்ந்து படித்த நண்பர் ஒருவர் மறுத்தார். உரிமம் என்பது அரசு அடித்தட்டு மக்களின் அடுப்படிக்குள் நுழைவதற்கான வழி, கண்காணிப்பின் இன்னொரு முகம், அதைக் கேட்டு வாங்குவது நம்மை நாமே காட்டிக்கொடுப்பது என்றார். அவர் காட்டிய சான்று இங்கிலாந்து. அதை லேசில் தள்ளிவிட முடியாது. அங்கே பணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தையை வளர்த்த ஏழைப் பெண்கள்மீது பத்திரிகைகளும் மருத்துவர்களும் எழுப்பிய பீதியிலிருந்துதான் பதிவுமுறை பிறந்தது. 'குழந்தைப் பண்ணை' என்பது அன்றைய வசைச்சொல். 1870இல் மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண், தன்னிடம் விடப்பட்ட குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டாள். 1872இல் சிசுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பெண்ணுரிமைக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். வேலைக்குப் போகும் தாய் பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுப் போவதைக்கூடக் குற்றமாக்குவீர்களா என்பது அவர்கள் கேள்வி. பகல்நேரக் காப்பு சட்டத்துக்கு வெளியே நின்றது. அதாவது அங்கே ஆய்வாளரின் கண் முதலில் தேடியது எங்கள் பாட்டியைப் போன்ற ஒருத்தியைத்தான். இதுவரை நண்பர் சொல்வது சரி.

ஆனால் இங்கே அந்தக் கண் திரும்பிய திசை வேறு. ஒரு மேலைக் கோட்பாட்டை அப்படியே இறக்கிவைக்கும்போது நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இந்தக் கதை அபினியில் தொடங்குகிறது. 1921-22இல் பம்பாய் ஆலைப் பெண்களைப் பற்றி விசாரணை நடத்திய டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், அவர்களின் குழந்தைகளில் 98 விழுக்காட்டுக்கு அபினி தரப்படுவதாக எழுதினார். 'பால கோலி' என்று சின்ன உருண்டையாக விற்றார்கள். அதைக் கொடுத்துவிட்டுப் போனால் அம்மா திரும்பும்வரை பிள்ளை தூங்கும். அந்த 98ஐ இரண்டு விதமாக வாசிக்கலாம். அறியாத தாய்மார்கள் என்று வாசிப்பது ஒன்று. அப்போது ஒரு பெண்ணை ஆலை சட்டப்படியே நாளொன்றுக்கு 11 மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதை அருகில் வைத்து வாசிப்பது இன்னொன்று. அபினி அந்த 11 மணி நேரத்தின் மறுபக்கம்.

1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் 250 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934 தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் உள்ள இடங்களில் ஓர் அறை ஒதுக்கச் சொல்லி விதி செய்யலாம் என்று மாகாண அரசுகளுக்கு விட்டது. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 1948 சட்டத்தின் 48ஆம் பிரிவில்தான் அது கடமையானது. அங்கும் 50 பெண்களுக்கு மேல். 1976இல் அதை 30 ஆக்கினார்கள். 250, 50, 30 என்று இறங்கிவரும் எண்களைப் பார்த்தால் முன்னேற்றம் போலத் தெரியும். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணப்படுவது யார் என்று பாருங்கள். பெண் தொழிலாளி. குழந்தை இந்தச் சட்டத்தில் எண்ணப்படவே இல்லை. அது தாயோடு ஒட்டிவரும் ஒரு பின்னிணைப்பு. 25 பெண்களும் 40 பிள்ளைகளும் உள்ள பட்டறைக்குக் காப்பகம் தேவையில்லை.

ஒரு எண் சட்டமானால் அந்த எண்ணுக்குக் கீழே நிற்கும் வித்தையும் கூடவே பிறந்துவிடும். சட்டத்தில் உள்ள சொல் 'வழக்கமாக' 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை என்பது. வழக்கம் எது என்று தீர்மானிப்பது மஸ்டர் ரோல். அதை எழுதுவது முதலாளியின் குமாஸ்தா. 90களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி. இதற்குக் காரணங்கள் பல. மலிவான கூலி, சங்கம் சேரவிடாமை, பெற்றோரின் வரதட்சிணைப் பயம். குழந்தை அறையைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கல்யாணமாகாத ஆயிரம் பெண்கள் உள்ள ஆலையில் தொட்டிலுக்கு வேலையில்லை என்பது கணக்கில் எழுதப்படாத ஒரு லாபம்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் மட்டும் கொஞ்சம் மாறுபட்டது. 1951இல் வந்த அந்தச் சட்டமும் 50 பெண்கள் என்றுதான் ஆரம்பித்தது. 1981 திருத்தத்தில், பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று சேர்த்தார்கள். ஒப்பந்தக்காரர் வைத்த பெண்களையும் எண்ண வேண்டும், முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒருநாள் அத்தனை பேர் இருந்திருந்தாலும் போதும். 'வழக்கமாக' என்ற ஓட்டையை அடைத்த சட்டம் அது. தேயிலைக் காடுகளில் கொழுந்துக் கூடையோடு பிள்ளையையும் சுமக்க முடியாது என்பது தோட்டக்காரனுக்கே தெரிந்ததால் காப்பகம் அங்கே சட்டத்துக்கு முன்பே வழக்கத்தில் வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் அதற்குப் 'பிள்ளைக் காம்பரா' என்றே ஒரு சொல் உண்டு. பிறகு 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம், பெண்களோடு வந்த ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அந்தப் பெண்களில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள நியமித்துக் கூலி தரச் சொன்னது. குழந்தையை எண்ணிய சட்டங்கள் என்று என் நினைவுக்கு உடனே வருபவை இந்த இரண்டும்தான். பீடி சுற்றும் பெண்கள் கதையே வேறு. 1966 சட்டம் பீடித் தொழிற்கூடத்தில் காப்பகம் கேட்டது. நெல்லைப் பக்கம் பெண்கள் சுற்றுவதோ வீட்டுத் திண்ணையில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையை அந்தத் தூளுக்கு நடுவே விட்டுவிட்டு. அங்கே எந்த ஆய்வாளர் போவார்?

சரி, ஆய்வாளர் உள்ளே வந்தால் எதைப் பார்க்கிறார்? 1948 சட்டத்தின்கீழ் மாநிலங்கள் எழுதிக்கொண்ட விதிகள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அறை 12 அடி உயரம். குழந்தைக்கு 20 சதுர அடி. ஆளுக்கொரு தொட்டில், படுக்கை. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாற்காலியாவது. குளியலறைச் சுவர் 3 அடிக்குத் தண்ணீர் இறங்காத பூச்சு. சோப்பு, துண்டு. நாளுக்கு அரை பைண்ட் சுத்தமான பால். தாய் வந்து பாலூட்ட 15 நிமிடமாக இரண்டு இடைவேளை. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், கேலி செய்ய ஒன்றுமில்லை. எழுதியவர் யாரோ ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிப் பார்த்தவர். ஆனால் இத்தனையும் டேப்பை வைத்து அளக்கக்கூடியவை, ஒரே நாளில் வாங்கி வைக்கக்கூடியவை, மறுநாள் எடுத்துவிடவும் கூடியவை. ஒரு ஆயா எத்தனை பிள்ளையைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் விடை கிடையாது. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுகொள்கிறது. கஞ்சி சரியும்போது பக்கத்தில் இன்னொரு கை இருக்குமா என்பதுதான் காப்பகத்தின் தரம். அந்தக் கை சட்டத்தில் இல்லை.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், இன்ஸ்பெக்டரிடம் நீங்கள் யாராவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. 'அவரு எங்ககிட்ட எங்க கேட்டாரு? புள்ளைகளக்கூடப் பாக்கலை. செவுத்தப் பாத்தாரு, நோட்டப் பாத்தாரு, போயிட்டாரு.' இதைவிடச் சுருக்கமாக இந்த வரலாற்றை என்னால் எழுத முடியவில்லை. பனோப்டிகன், எல்லாம் காணும் கண் என்றெல்லாம் நாம் பேசுகிறோம். எங்கள் லைனுக்கு வந்த கண் சுவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைக்காததே அந்தக் கண்காணிப்புதான்.

சொல்லிவிட்டு வருகிற ஆய்வு என்பது எங்கள் ஆலை மேஸ்திரியின் கண்டுபிடிப்பும் அல்ல. 1947இன் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் ஒப்பந்தம், ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் இரவோ பகலோ எந்த நேரமும் நுழையலாம் என்கிறது. இந்தியா 1949இலேயே அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆய்வாளருக்குப் பெயரே மாறிவிட்டது: ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும். யாருக்கு வசதி என்று கேட்காதீர்கள். காப்பகத்துக்கான எண்ணும் மாறியிருக்கிறது. 2017 மகப்பேறு நலத் திருத்தத்தில் தொடங்கி, ஆண் பெண் பாராமல் 50 பேர் என்று எண்ணுகிறார்கள். பெண்ணை வேலைக்கு வைத்தால்தான் தொட்டில் செலவு என்ற நிலை இதனால் போகிறது. அது நல்லது, பெண்ணியவாதிகள் நெடுங்காலம் கேட்டது. அதே எண்ணிக்கைப்படி, 35 பெண்கள் மட்டும் வேலை செய்யும் ஒரு தையல் பட்டறை வெளியே விழுந்துவிடுகிறது. குழந்தையை இப்போதும் எண்ணவில்லை.

கும்பகோணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். அது பள்ளி, காப்பகம் அல்ல என்பார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு இரண்டும் ஒன்றுதான், சாயங்காலம்வரை பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விட்ட இடம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மாடியில் கீற்றுக் கொட்டகை. கீற்று ஒளித்துவைக்கக்கூடிய பொருள் அல்ல. தெருவில் போகிறவர்கூட அண்ணாந்தால் பார்க்கலாம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். நண்பரிடம் நான் இதைத்தான் சொன்னேன்: அங்கே குழந்தைகளைக் கொன்றது அரசின் பார்வை என்று நீங்கள் எழுதுவீர்களா? அவர் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காகப் பாட்டியின் வீட்டுக்குச் சீல் வைக்கச் சொல்லவில்லை. 20 சதுர அடி விதியை அவர் வீட்டில் வைத்தால் இரண்டு பிள்ளைக்குமேல் இடமிருக்காது. மற்ற ஆறும் ஆலைக் கேட்டில் நிற்கும். ஆலையில் மூட்டை அடுக்கியிருந்த அந்த அறை திறந்திருந்தால், பாட்டியே அங்கே ஆயாவாகச் சம்பளத்துக்கு இருந்திருந்தால், கூட இன்னொருத்தி இருந்திருந்தால் என்று மட்டும் அவ்வப்போது யோசிப்பேன். 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நடமாடும் காப்பகங்கள் இப்படித்தான் வேலை நடக்கும் இடத்துக்கே போயின. கட்டடத் தொழிலாளர் சட்டம் அதற்கு 27 ஆண்டு கழித்து 1996இல் வந்தது.

தங்கை இப்போது ஒரு பனியன் கம்பெனியில் லைனில் இருக்கிறாள். அவள் மகன் அங்கேயே காப்பகத்தில். போய்ப் பார்த்தேன், நல்ல அறை, சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி. 2017 திருத்தப்படி தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் பார்க்க விட வேண்டும். அதற்கும் ஒரு பதிவேடு. பெயருக்கு நேரே நான்கு கட்டம். தங்கையின் பெயருக்கு நேரே நான்கும் நிரம்பியிருந்தன.

'நாலு தடவையும் வர்றியா?'

'எங்க? புரொடக்சன் முடியாம எந்திரிக்கவே விடமாட்டாங்க. ரெண்டு தடவைதான்.'

'அப்ப கையெழுத்து?'

'ஆயாக்காவே போட்டுக்கும். கட்டம் காலியா இருந்தா அதுக்குத்தான் திட்டு விழும், பாவம். நீ எதுவும் கேட்டுறாத.'