பல்வங்கர் பாலு ஏன் கேப்டன் ஆகவில்லை?

2025 ஐபிஎல் எங்களுக்குக் கெட்ட சீசன். 14 ஆட்டம், 4 வெற்றி. சென்னை சூப்பர் கிங்ஸ் முதல்முறையாகப் புள்ளிப்பட்டியலில் கடைசி இடத்தில் நின்றது. பட்டாபிராமில் நான் மாலை வகுப்பு எடுக்கும் தெருவில் மே மாதமே மஞ்சள் ஜெர்சிகளைக் காணவில்லை. ஜூன் 3ஆம் தேதி பெங்களூரு அணி 18 வருடக் காத்திருப்புக்குப் பிறகு பஞ்சாபை 6 ரன்னில் வென்றபோது எங்கள் பிள்ளைகள் வேண்டாவெறுப்பாகக் கைதட்டினார்கள். மறுநாள் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அன்று தெருவில் யாரும் கிரிக்கெட் பேசவில்லை.

நான் சிஎஸ்கே ரசிகை. அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. 2023 இறுதி ஆட்டத்தில் மழை நின்று, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, நள்ளிரவு தாண்டிய பிறகு கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிவிட்டவள் நான். சூதாட்டப் புகாரில் 2016, 2017 என இரண்டு சீசன் வெளியே உட்கார வைக்கப்பட்ட அணி என்பதும் தெரியும். சமூகவியலில் எம்.ஏ. முடித்தால் இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

அந்த மே மாதத்தில்தான் வகுப்புக்கு வரும் ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பிளஸ் டூ முடித்தவன். இடதுகை பவுலர். எங்கள் பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட்களில் அவனை அடித்து ஆட ஆளில்லை. காலனிக்குத் தனி டீம் உண்டு, அதற்கென்று பெயரும் உண்டு. ஆனால் மைக்கில் அறிவிப்பவர்கள் "காலனி டீம்" என்றுதான் சொல்வார்கள். பெரிய போட்டி வந்தால் ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே அணி. அப்போது இவனை வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். மூன்று வருடமாக அதிக விக்கெட் இவனுடையது. அந்த வருடம் பழைய கேப்டன் வேலைக்குப் போய்விட்டான். எல்லோரும் இவன்தான் அடுத்து என்று நினைத்திருக்க, முந்தைய வருடம்தான் அணிக்கு வந்த ஒருவனைக் கேப்டனாகப் போட்டார்கள். ஃபிளெக்ஸில் இவன் படம் ஓரத்தில், ஸ்பான்சர் பெயருக்குக் கீழே.

"நம்மாளு யாருனா கேப்டனா இருந்துருக்காங்களாக்கா?" என்றான்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தகவல் கேட்பதுபோலக் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' என்ற கிரிக்கெட் வரலாற்று நூல் இல்லையென்றால் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. பல்வங்கர் பாலு. பிறந்தது 1876, தார்வாட். சமார் சாதி. தோல் வேலை செய்யும் சாதி என்று ஊர் ஒதுக்கிவைத்த சமூகம்.

அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை, அதனால் குடும்பம் புனேவில். கன்டோன்மென்டை ஒட்டி வாழ்ந்த தலித்துகளுக்குக் கிடைத்த சின்னச் சந்து அது: கொஞ்சம் சம்பளம், கொஞ்சம் படிப்பு, வெள்ளைக்காரன் விட்டுப்போன பேட். பூந்தமல்லியும் பரங்கிமலையும் ஒரு காலத்தில் கன்டோன்மென்ட் ஊர்கள்தான். ஆவடியில் டேங்க் தொழிற்சாலை வந்த பிறகு எத்தனை குடும்பங்கள் ஓலைக்கூரையிலிருந்து ஓட்டு வீட்டுக்குப் போயின என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பாலுவின் வீட்டைப் புரிந்துகொள்ள அது போதும்.

முதலில் புனேவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் வேலை. பிட்சைப் பெருக்குவது, ரோலர் இழுப்பது. மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, அப்புறம் துரைமார்களுக்குப் பந்து போடுவது. ஜே.ஜி. கிரெய்க் அப்போது நாட்டின் பெரிய பேட்ஸ்மேன்களில் ஒருவர். அவர் மற்றவர்களுக்கு முன்னால் வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. பல நூறு மணி நேரம் அப்படிப் பந்து வீசியே இடதுகை சுழல்பந்து பாலுவுக்குப் படிந்தது. ஒருநாள்கூட பேட்டைக் கையில் கொடுக்கவில்லை. பேட்டிங் துரைமாருடையது, பந்து வீசுவது உழைப்பு.

துரையைத் திணறடிக்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்ததும் புனே இந்துக்களின் கிளப்புக்குச் சங்கடம். ஜெயிக்கவும் வேண்டும், தீட்டும் படக்கூடாது. வாதாடித்தான் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தைப் பார்ப்பன வீரர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் டீ. மதியச் சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவருவதற்கும் ஒரு தலித் வேலையாள். நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு ஒரு கிரிக்கெட் கிளை. அவரோடு ஆட முடிந்த உங்களால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஏன் முடியாது என்று ரானடே கேட்டார் என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, கிரிக்கெட் பந்தே தோல். இன்றைக்கும் மீரட்டில் அந்தத் தோலை வெட்டி, பதப்படுத்தி, தைக்கிறவர்களில் பலர் தலித்துகள். தைத்தவன் தொட்டதால் பந்துக்குத் தீட்டு வந்ததாக எந்தச் சாஸ்திரியும் சொன்னதில்லை.

1896இல் பிளேக் வந்தபோது பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது, இந்து ஜிம்கானா அணியிலும் இடம் கிடைத்தது. 1906இல் அந்த அணி வெள்ளையர் அணியை 109 ரன்னில் வென்றது. இந்துக்கள் 242, 160. வெள்ளையர்கள் 191, 102. பாலுவின் பந்துவீச்சு இல்லாமல் அது நடந்திருக்காது. தம்பி சிவராமும் அதே அணியில். பாலுவையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டது ஜிம்கானாவுக்குப் பெருமை என்று அன்றைய சீர்திருத்தப் பத்திரிகை பாராட்டி எழுதியது. யாருக்குப் பெருமை என்பதைக் கவனியுங்கள்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் இந்திய அணி இங்கிலாந்து போனது. மகாராஜா பெரும்பாலும் விருந்துகளில் இருந்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பாலு அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 19க்கும் குறைவு. வயது 35. திரும்பி வந்தபோது பம்பாய் தலித் மக்கள் அவருக்கு வரவேற்பு நடத்தினார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று குஹா எழுதுகிறார். நம் முதல் விளையாட்டு நாயகனுக்கு நம் தலைவர் எழுதிய வாழ்த்து!

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நான்கு சமூகங்கள் மோதும் குவாட்ராங்குலர் போட்டி அன்றைக்கு இன்றைய ஐபிஎல் மாதிரி. பாலுதான் இந்து அணியின் மூத்த வீரர், அதிக விக்கெட் எடுத்தவர். வருடம் தோறும் அவரைக் கேப்டன் ஆக்கச் சொல்லிக் குரல் வந்தது. வருடம் தோறும் ஒரு பார்ப்பனரோ வேறு சாதி இந்துவோ கேப்டன் ஆனார். 1920இல் அவரை அணியிலிருந்தே எடுத்தார்கள். எம்.டி. பை கேப்டன். அப்போது தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியைவிட்டு வெளியேறினார்கள். தங்களைவிடச் சிறந்தவர் கேப்டன் ஆகியிருந்தால் பொறுத்திருப்போம், சாதியால் ஒதுக்கப்படுவதைப் பொறுக்க மாட்டோம் என்ற பொருளில் பகிரங்கமாக எழுதினார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் இரண்டு தலித்துகள் 1920இல் இப்படி எழுதியிருக்கிறார்கள்! கூட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆட்டத்துக்கு மூவரையும் திரும்ப அழைத்தார்கள். பாலுவுக்குத் துணைக் கேப்டன் பட்டம். ஆட்டத்தின் நடுவே பை வேண்டுமென்றே மைதானத்தைவிட்டு வெளியே போக, சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்த கேப்டன் பதவி அவ்வளவுதான். பையின் நல்ல மனதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதவி உரிமையாக வரவில்லை, ஒருவர் சற்று நகர்ந்துகொண்டதால் வந்தது.

மூன்று வருடம் கழித்து, 1923இல் தம்பி விட்டல் முறைப்படி கேப்டன் ஆனார். அந்த வருடமே இந்துக்கள் கோப்பையை வென்றார்கள். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் உண்டு: ஆமாம், விட்டல். இரண்டு பேர் வெளிநடப்பு செய்த பிறகு.

மெட்ராஸில் இப்படி மதவாரி அணி இல்லை. வெள்ளையர், இந்தியர் என்று இரண்டே அணி. அதனால் இங்கே சாதி இல்லை என்று சொல்லும் கிரிக்கெட் பெரியவர்கள் உண்டு. இந்தியர் அணிக்குப் போகும் பாதை மயிலாப்பூர், திருவல்லிக்கேணி கிளப்புகள் வழியாகப் போனது என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். 2024இல் வந்த 'ப்ளூ ஸ்டார்' படம் அரக்கோணத்தை, அதாவது அம்பத்தூரில் ஏறினால் அதே லைனில் வரும் ஊரை, களமாக வைத்துக் காலனி டீமின் கதையைச் சொன்னபோது எங்கள் பிள்ளைகள் தியேட்டரில் கத்தியது அதனால்தான்.

பாலுவின் கதையை நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் நமக்கு வசதியான நாயகனாக இருப்பார். ஆனால் மீதியையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

1932இல் தனித்தொகுதிக் கேள்வி வந்தபோது பாலு அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. காந்தி பக்கம் நின்றார். அவரோடு அதே பக்கம் நின்றவர் நம் எம்.சி. ராஜா. பரங்கிமலையில் பிறந்தவர், பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் ரோட்டில் நேராகப் போனால் அந்த ஊர். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ராஜா மூஞ்சேயோடு கூட்டுத் தொகுதி ஒப்பந்தம் போட்டார். பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ரெட்டமலை சீனிவாசன், எம்.சி. ராஜா கையெழுத்துகளோடு பி. பாலு என்ற கையெழுத்தும் இருக்கிறது. 1935இல் இயோலாவில் நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோதும் பாலு எதிர்த்தார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகவே காங்கிரஸ் அவரை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 ஓட்டு. பாலு 11,225.

காங்கிரஸ் தேடியது ஒரு தலித் முகம், அதுவும் எல்லோரும் கைதட்டும் முகம். கேப்டன் பதவி தராத அதே உலகம் வேட்பாளர் பதவியை மட்டும் தாராளமாகத் தந்தது. ஆனால் பாலுவை வெறும் பொம்மை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மண்குவளையிலிருந்து 1923 தோள்வரை அவர் கண்ணாலேயே ஒரு மாற்றத்தைப் பார்த்தவர். சாதி இந்துக்கள் மெல்ல மாறுவார்கள் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவருக்கு விளையாட்டு கொடுத்தது. மகத் குளத்தங்கரையில் அடி வாங்கியவர்களுக்கு அந்தக் காரணம் இல்லை. ராஜாவும் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தார். 1938இல் அவர் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னவர் பிரதமராக இருந்த ராஜாஜி. 1942இல் கிரிப்ஸைச் சந்திக்க ராஜா போனது அம்பேத்கரோடு. பாலு அப்படித் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. 1955இல் இறந்தார்.

ரசிகர்களின் தோள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு நம் காலத்து உதாரணம் வந்தனா கட்டாரியா. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் கோல். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்கசாதி ஆண்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று திட்டினார்கள். ஜெயித்தால் இந்தியாவின் மகள், தோற்றால் சாதிப் பெயர்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது பட்டாபிராம் ஸ்டேஷனில் கடைசிக்கு முந்தின ஆவடி வண்டி போய்விட்டிருந்தது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அம்பேத்கர எதிர்த்து நின்னாரா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டான். அப்புறம் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தான். அந்த வருட டோர்னமென்டுக்குப் போகப்போவதில்லை என்றான். அவனோடு இன்னும் நான்கு பேர் போகவில்லையாம், அதில் ஒருவன் ஊர்ப்பையன். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன், திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அவரும் லெஃப்ட் ஹேண்ட்தான? பந்த எப்படிக்கா புடிச்சிருப்பாரு?"