எழுப்புதலும் அமைப்பும்: பெந்தெகொஸ்தே சபைகளின் தோற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், நோய் நீக்கும் வரம் முதலிய ஆவியின் வரங்கள் இன்றும் விசுவாசிகளுக்குக் கிடைக்கும் என்பது பெந்தெகொஸ்தே மரபின் அடிப்படைக் கொள்கை. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களையே இம்மரபின் தோற்றுவாயாகப் பல நூல்கள் காட்டுகின்றன. இதனையொத்த எழுப்புதல் 46 ஆண்டுகளுக்கு முன்னரே திருநெல்வேலிப் பகுதியில் நிகழ்ந்துள்ளது. முந்தையது மறக்கப்பட்டுப் பிந்தையது தொடக்கமாகக் கொள்ளப்பட்டதேன் என்னும் வினாவை அமைப்பு முறையின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திருநெல்வேலியும் திருவிதாங்கூரும்

ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867), அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, மிஷனரிச் சங்கத்தின் ஊதியத்தைச் சாராமல் ஊழியம் செய்தார். அவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு 1860இல் எழுந்த எழுப்புதலில் பாவ அறிக்கை, தரிசனம், அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் ஆகியன வெளிப்பட்டன. எனினும் அது தனிச் சபையாக உருப்பெறவில்லை. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் நூலாக்கியது 1939இல்தான்.

1870களில் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதல் வேறு வழியில் சென்றது. அதன் தலைவர் ஜஸ்டஸ் ஜோசப், கிறிஸ்துவின் வருகை 1881இல் நிகழும் என அறிவித்துத் தனிச் சபை கண்டார். குறித்த காலம் பொய்த்தபின் அச்சபை ஒரு சிறு குழுவாக ஒடுங்கியது. முன்னதில் அமைப்பு உருவாகவில்லை. பின்னதில் அமைப்பு ஒரு நாளை நம்பி நின்றது.

அசூசா தெருவின் இதழ்

அசூசா தெருக் கூட்டத்தார் 1906 செப்டம்பரில் ‘அப்போஸ்தலிக் பெயித்’ என்னும் இதழைத் தொடங்கி இலவசமாக அனுப்பினர். அங்கிருந்து புறப்பட்ட ஊழியர்களும் அவ்விதழும் தொலைநாடுகளை இணைத்தனர். 1908இல் இதழும் முகவரிப் பட்டியலும் போர்ட்லாந்துக்குச் சென்றபின் சீமோரின் செல்வாக்குத் தளர்ந்தமை, அவ்விணைப்பின் வலிமையை எதிர்மறையாக உணர்த்துகிறது.

அச்சின் ஆற்றலுக்கு இந்தியச் சான்றும் உண்டு. பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் 1905இல் எழுந்த எழுப்புதலை விளக்கி மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறுநூல் சிலி நாட்டை அடைந்து, 1909இல் அங்கு எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்குத் தூண்டுதலாயிற்று.

இருவகை அமைப்பு

1914இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட், உள்ளூர்ச் சபைகளின் தன்னாட்சியைப் பேணிக்கொண்டு, ஊழியர்களுக்குச் சான்றளித்தல், மிஷனரிகளை அனுப்புதல் முதலியவற்றை மையப்படுத்தியது.

1920களில் பாஸ்டர் பவுல் என அறியப்பட்ட ராமன்குட்டி கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் துறவுச் சாயல் உடையது. அதன் ஊழியர்கள், ஆண்களும் பெண்களும், மணம் துறந்து ‘விசுவாச வீடுகளில்’ கூட்டாக வாழ்வர், வெண்ணிற உடை அணிவர், ஊதியம் பெறுவதில்லை. ஊதியம் சாராமை அருளப்பனிடமும் காணப்பட்ட கொள்கையே. அங்கு அது தனிமனிதரின் உறுதியாக நின்றது. இங்குக் குழுவின் ஒழுங்காயிற்று. மணத்துறவால் தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதற்கும் இடமில்லாது போயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஓர் எழுப்புதலைத் ‘தொடக்கம்’ ஆக்குவது காலமுன்மை மட்டுமன்று என்பது பெறப்படும். செய்தியைப் பரப்பும் அச்சும், ஊழியரை உருவாக்கித் தொடரச் செய்யும் ஒழுங்குமே அதனை வரலாற்றில் நிலைநிறுத்துகின்றன. 1860ஆம் ஆண்டு எழுப்புதலை அசூசாவின் முன்னோட்டம் எனச் சுருக்குவது, பிற்கால வெற்றியைக் கொண்டு முற்காலத்தை அளப்பதாகும். அதனைத் தமிழ்ச் சூழலில் தோன்றிய தனி நிகழ்வாகக் கொண்டு, அது அமைப்பாக வளராமைக்கான உள்ளூர்க் காரணங்களை ஆராய்வதே தமிழகக் கிறிஸ்தவ வரலாற்றாய்வின் அடுத்த பணியாகும்.