மெபிரமின் காட்டிய மறுவாயில்

ஒரு மருந்தின் பெருமையை அது தீர்க்கும் நோயைக் கொண்டு அளப்பதே உலக வழக்கு. மெபிரமின் என்னும் மருந்துக்கோ, அது செய்யத் தவறிய ஒரு செயலாலும் பெருமை வாய்த்தது.

உடலில் இயல்பாகவே உண்டாகும் பொருள்களுள் ஹிஸ்டமின் ஒன்று. 1910-ஆம் ஆண்டில் ஹென்றி டேல், பாட்ரிக் லெயிட்லா என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் அதன் செயல்களை விரிவாக எழுதினர். அது குருதியழுத்தத்தைத் தாழ்த்தும். மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கும். தும்மல், தோல்தடிப்பு முதலிய ஒவ்வாமைத் தொல்லைகளுக்கு அதுவும் ஒரு காரணம். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கச் செய்வதும் அதுவே.

இதனை அடக்கும் பொருளை முதன்முதல் கண்டவர்கள் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டோப் அம்மையாரும் ஆவர். 1937-இல் அவர்கள் கண்ட பொருள் கினிப்பன்றிகளைக் காத்தது. ஆயின், மாந்தர்க்கு ஆகாதபடி நச்சுத்தன்மை மிக்கிருந்தது. 1942-இல் அன்டர்கன் என்னும் மருந்து நோயாளருக்குப் பயன்பட்டது. 1944-இல் போவே குழுவினர் மெபிரமினை வெளியிட்டனர். போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. ஒவ்வாமையைத் தணித்த இம்மருந்துகள் இரைப்பை அமிலத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. ஒரே ஹிஸ்டமினின் ஒரு செயல் அடங்க, மற்றொன்று அடங்காதது ஏன்?

1966-இல் ஆஷ், ஷில்ட் என்போர் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். கினிப்பன்றியின் குடல் துண்டில் ஹிஸ்டமினைச் சேர்த்தால் அது சுருங்கும். சிறிதளவு மெபிரமினைச் சேர்த்தால் அச்சுருக்கம் தடைப்படும். எலியின் இரைப்பைச் சுரப்பிலோ மெபிரமின் தோற்றது. எனவே, ஹிஸ்டமின் நுழையும் வாயில் ஒன்றன்று என அவர்கள் துணிந்தனர். மெபிரமின் அடைக்கும் வாயிலுக்கு ‘எச்-1 ஏற்பி’ எனப் பெயரிட்டனர்.

மற்றதை அடைக்கும் பொருளை ஜேம்ஸ் பிளாக் குழுவினர் 1972-இல் கண்டனர். அவ்வாயில் ‘எச்-2’ எனப்பட்டது. அவ்வழி வந்த சிமெட்டிடின் 1976-இல் மருத்துவத்தில் இடம்பெற்றது. இரைப்பைப் புண்ணால் வருந்தியோர் பலர் அறுவை சிகிச்சையினின்று தப்பினர். பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றும் ஆய்வுக்கூடங்களில் மெபிரமின் ஓர் உரைகல். ஹிஸ்டமினால் விளைந்த மாற்றம் மெபிரமினால் அடங்கினால் அது எச்-1 வழி வந்தது. அடங்காவிடின் வேறு வழி தேட வேண்டும்.

மெபிரமின் அமிலத்தை அடக்காதது புதிய செய்தியன்று. பல்லாண்டு பலரும் அறிந்ததே. அதனை மருந்தின் குறையென்று தள்ளிவிடாமல் ‘ஏன்?’ என்று கேட்டவர்க்கே மறுவாயில் புலப்பட்டது. வகுப்பறையில் எதிர்பாராத விடை எழும்போதும் ஆசிரியர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளலாம்.