ஃபினெஸ்ட்ரே மலையில் இரண்டு தீர்ப்பு நாள்கள்

மூன்று வாரம் நீளும் சைக்கிள் பந்தயத்தில் கடைசி வாரத்து மலைக் கட்டம் ஒன்றுக்காக ரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். பாதை வரைபடம் வெளியான அன்றே ‘முடிவு இங்கேதான்’ என்று விரல் வைத்துவிடுவார்கள். அந்தக் கணிப்பு எங்கே பலிக்கிறது, எங்கே பிசகுகிறது என்று பார்க்க இத்தாலியின் ஜிரோ பந்தயம் அருமையான ஓர் இணையைத் தந்திருக்கிறது. ஒன்று 2018 மே 25. மற்றொன்று 2025 மே 31. இரண்டு நாளும் வீரர்கள் ஏறியது கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற ஒரே மலை. இரண்டு நாளும் முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்பு ஜெர்சி கைமாறியது. அன்று அதைப் பறிகொடுத்தவரும் ஏழு ஆண்டு கழித்து அதைக் கைப்பற்றியவரும் ஒருவரே: இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ்.

இதை யேட்ஸின் மீட்சிக் கதையாகப் பலரும் சொல்கிறார்கள். அது நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் இரண்டு நாள்களையும் அருகருகே வைத்தால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று புலப்படுகிறது. மலை வீரர்களைப் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவை வெற்றியாக்கியது உச்சிக்கு அப்பால் கிடந்த சாலையும், துரத்தியவர்களின் தயக்கமும்.

மலை

வடமேற்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சூசா ஊரை ஒட்டி இந்த ஏற்றம் தொடங்குகிறது. நீளம் 18.5 கி.மீ.; சராசரிச் சரிவு 9.2 சதவீதம். முதலில் காட்டுக்குள் அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். கடைசி 8 கி.மீ. அளவுக்குத் தார் கிடையாது, மண்ணும் சரளையும்தான். உச்சி 2,178 மீட்டர். 2005இல்தான் ஜிரோ முதன்முறையாக இதன்மேல் ஏறியது. 2018, 2025 இரண்டிலும் பந்தயத்தின் மிக உயர்ந்த இடம் இதுவே.

சமதரையில் முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டி வருபவர் கணிசமான சக்தியைச் சேமிக்கலாம். இவ்வளவு செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்தச் சலுகை சுருங்கிவிடுகிறது. சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். ஆகவே ஒவ்வொருவரும் தன் கால்களை மட்டுமே நம்ப வேண்டும். உச்சியைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. பள்ளத்தாக்கில் காற்று மறுபடி ஆட்சிக்கு வருகிறது. துணைக்கு ஆள் இருப்பவருக்கு அங்கே பெரும் லாபம்.

முந்தின இரவு

2018இல் இது 19ஆவது கட்டம். வெனாரியா ரியாலேயில் புறப்பட்டு, ஃபினெஸ்ட்ரேக்குப் பின் செஸ்ட்ரியேர் மலையையும் கடந்து, பார்டோனெக்கியாவுக்கு மேலே யாஃபெரோ ஏற்றத்தில் முடியும் பாதை. யேட்ஸ் 13 நாளாக முன்னிலையில் இருந்தார். மூன்று கட்டங்களை வென்றிருந்தார். ஆனால் முந்தின நாள் பிராட்டோ நெவோசோவில் முதன்முறையாகத் தளர்ந்தார். நெதர்லாந்தின் டாம் டுமுலான் 28 விநாடி தூரத்தில் நின்றார். நான்காம் இடத்தில், 3 நிமிடம் 22 விநாடி பின்னால், கிறிஸ் ஃப்ரூம்.

2025இல் இது 20ஆவது கட்டம். வெர்ரெஸிலிருந்து செஸ்ட்ரியேர் வரை 205 கி.மீ. மறுநாள் ரோமில் நிறைவு ஓட்டம் மட்டுமே என்பதால் மலைக்கு இதுவே கடைசி நாள். மெக்சிகோவின் 21 வயது இசாக் டெல் டோரோ முன்னிலை. ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 விநாடி பின்னால். யேட்ஸ் மூன்றாமவர், 1 நிமிடம் 21 விநாடி பின்னால்.

இரு இரவுகளிலும் உலகம் முதல் இருவரைப் பற்றியே பேசியது. இரு முறையும் வென்றவர் அந்த இருவருக்குப் பின்னால் இருந்து வந்தார். முதல் இருவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. ஒருவர் மற்றவரை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. அடுத்த இடத்தில் நிற்பவருக்கோ துணிந்து பார்க்க இடம் இருக்கிறது.

ஏற்றம்

2018இல் ஃப்ரூமின் ஸ்கை அணி அடிவாரத்திலேயே கடும் வேகம் வைத்தது. அந்த வேகத்தில் யேட்ஸ் உடைந்தார். அன்று அவர் இழந்தது 38 நிமிடத்துக்கு மேல். சரளைப் பகுதியில் அணித்தோழர் கெனி எலிசோண்ட் கடைசியாக இழுத்துவிட, ஃப்ரூம் பாய்ந்தார். கோட்டுக்கு இன்னும் 80 கி.மீ. இருந்தது. அவ்வளவு தொலைவைத் தனியே ஓட்டி வெல்வது நவீன பந்தயத்தில் மிக அரிது.

2025இல் வேறு விதம். அடிவாரத்தில் முதலில் பாய்ந்தவர் கரபாஸ். டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் பதறாமல் தன் கதியில் ஏறி அவர்களைப் பிடித்தார். பிறகு திரும்பத் திரும்பத் தாக்கினார். ஒரு கட்டத்தில் இருவரும் அவரைப் போகவிட்டார்கள்.

2018இல் வென்றது ஓர் அணியின் மூர்க்கம். 2025இல் வென்றது ஒரு தனிமனிதரின் பொறுமை. அதே மலையில் அடிவார வேகத்துக்குப் பலியானவர், இம்முறை அடிவாரத்தில் அவசரப்படவே இல்லை.

உச்சிக்கு அப்பால்

உச்சியில் டுமுலானைவிட ஃப்ரூம் சுமார் 40 விநாடிதான் முன்னே இருந்தார். அது பிடிக்கக்கூடிய தூரம். ஆனால் இறக்கத்தில் டுமுலானும் அவரோடு துரத்திய திபோ பினோவும், பினோவின் அணித்தோழர் செபாஸ்டியன் ரைஷன்பாக் வந்து சேரக் காத்திருந்தார்கள். உடன் இருந்த மிகேல் ஆங்கெல் லோபெஸும் கரபாஸும் இளையோருக்கான வெள்ளை ஜெர்சிக்காகத் தங்களுக்குள் போட்டியிட்டார்கள். துரத்தலுக்குத் தோள் கொடுக்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்தும் ஒருவரைப் பிடிக்க முடியவில்லை. கோட்டில் ஃப்ரூமுக்கும் டுமுலானுக்கும் இடைவெளி 3 நிமிடம் 23 விநாடி.

2025இல் யேட்ஸ் உச்சியைத் தொட்டபோது முன்னிலை ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அவருடைய அணித்தோழரான பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட் காலையிலேயே முன்னோடிக் கூட்டத்தில் புகுந்திருந்தார். மலையைக் கடந்து, யேட்ஸுக்காகக் காத்திருந்து, செஸ்ட்ரியேரை நோக்கி அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் ஏற்றிச் சென்றார். பின்னால் டெல் டோரோவும் கரபாஸும் ‘நீ இழு’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டில் இடைவெளி ஐந்து நிமிடம் தாண்டியது. கட்டத்தை வென்றவர் முன்னோடிக் கூட்டத்திலிருந்த கிறிஸ் ஹார்ப்பர். பந்தயத்தை வென்றவர் யேட்ஸ்.

இரண்டு வெற்றியும் முன்கூட்டியே தீட்டியவை. ஸ்கை அணி ஏற்றம் நெடுக ஆட்களை நிறுத்தி ஃப்ரூமுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்க ஏற்பாடு செய்தது. அதனால் அவர் சுமை குறைத்து ஏற முடிந்தது. யேட்ஸின் விஸ்மா அணி வான் ஆர்ட்டை முன்னே அனுப்பி வைத்தது.

ஃப்ரூமின் நாளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. 2017 ஸ்பெயின் பந்தயத்தில் எழுந்த, சால்புட்டமால் என்ற ஆஸ்துமா மருந்து பற்றிய ஊக்கமருந்துப் பரிசோதனை விவகாரம் அப்போது அவர் தலைமேல் தொங்கியது. 2018 ஜூலையில் அது தண்டனையின்றி முடிக்கப்பட்டது. அன்றைய வியப்போடு அந்தச் சங்கடமும் சேர்ந்தே நினைவில் நிற்கிறது.

துரத்தியவர்கள்

டுமுலான் 46 விநாடியில் ஜிரோவை ஃப்ரூமிடம் இழந்தார். டெல் டோரோ 3 நிமிடம் 56 விநாடியில். டுமுலான் காத்திருந்ததற்குக் கணக்கு இருந்தது: துணை சேர்ந்தால் வேகம் கூடும் என்று நம்பினார், கிடைத்த துணை போதவில்லை. டெல் டோரோ கணக்கிட்டது கரபாஸை மட்டும்தான். 21 வயதில், முதல் பெரும் பொறுப்பில், அருகில் இருக்கும் எதிரியையே பார்ப்பது இயல்பு; அதற்காக அவரை இழித்துப் பேசுவோர் மீது எனக்கு வருத்தம் உண்டு. கரபாஸோ இரண்டு நாளும் துரத்தும் குழுவில் இருந்தார். 2018இல் வெள்ளை ஜெர்சி தடுத்தது, 2025இல் டெல் டோரோவைக் கோட்டுக்குச் சுமந்துசெல்லக்கூடாது என்ற வைராக்கியம் தடுத்தது. இடையில் 2019 ஜிரோவை அவர் வென்றதும், முக்கியப் போட்டியாளர்களான நிபாலியும் ரோக்லிச்சும் ஒருவரையொருவர் காவல் காத்தபோதுதான். தயக்கத்தின் லாபம், நட்டம் இரண்டையும் அவரளவு அறிந்தவர் இல்லை.

இனி ஒரு தீர்ப்பு மலைக்காகக் காத்திருக்கும்போது சரிவு சதவீதத்தோடு நம் கணக்கை நிறுத்திவிடக்கூடாது. உச்சியிலிருந்து கோடு எவ்வளவு தூரம், முன்னோடிக் கூட்டத்தில் யாருடைய ஆள் இருக்கிறார், முதல் இருவர் ஒருவருக்கொருவர் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை தெரிந்தால் மூன்றாமிடத்துக்காரரையும் நான்காமிடத்துக்காரரையும் நாம் இவ்வளவு எளிதில் மறந்துவிட மாட்டோம். ஃபினெஸ்ட்ரே இரண்டு முறை சொன்ன பாடம் இதுதான்: மலை எல்லோருக்கும் பொது, அதைத் தாண்டியபின் என்ன செய்வது என்று முந்தின இரவே முடிவெடுத்தவருக்கே ஜெர்சி.