நடுகல்லை நீராட்டிய பொருள்கள்

முன்னோர் கல்லைத் தூய்மை செய்யச் செல்வோர் கையில் இன்று என்னென்ன இருக்கின்றன? ஒரு குடம் நீர், துடைக்கத் துணி, எண்ணெய், மஞ்சள், குங்குமம், சில முழம் பூ. இவற்றுட் பல நேற்றுத் தோன்றிய வழக்கின்பாற் பட்டவை அல்ல.

வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளாக வகுக்கின்றது. அவற்றுள் நீர்ப்படை என்பது கல்லை நீராட்டித் தூய்மை செய்தலாம். வடபுலத்தே வாழும் நமக்கு இத்துறை தனி உரிமை உடையது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கென இமயத்தில் எடுத்த கல்லைக் கங்கையில் நீராட்டினான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது; அக்காதையின் பெயரே நீர்ப்படைக் காதை.

அரசனுக்குக் கங்கை, சிற்றூரார்க்கு ஊர்க்கிணறு. புறநானூற்றில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் காட்டும் ஊரில் நடுகல்லுக்கு நாள்தோறும் பலியூட்டுவர், நன்னீராட்டுவர், நெய் மணக்கும் புகையெடுப்பர், அப்புகை தெருவெல்லாம் கமழும். உறையூர் இளம்பொன் வாணிகனாரோ மரல் நாரில் தொடுத்த செம்பூங் கண்ணியையும் மயிற்பீலியையும் கூறுகின்றார். அதியமானுக்கு நட்ட கல்லின்முன் சிறு கலத்தில் கள் உகுத்ததை ஔவையார் பாடினார். வேண்டும் பொருள்களை இவ்வளவு செவ்வையாக எண்ணிச் சொன்னவருள் இருவர் வணிகர் என்பது வியப்பன்று!

இனி வருத்தத்திற்குரியதொன்று. எழுத்தின் கோடுகள் தேய்ந்தமையால் வழிச்செல்வோர் வேறு பொருள் கொள்ளும் நடுகல் ஒன்றை அகநானூறு காட்டுகின்றது. அன்று வெயிலும் மழையும் செய்ததை இன்று நம் அன்பே செய்துவிடுகின்றது. ஆண்டுதோறும் பூசும் எண்ணெய் புழுதியோடு சேர்ந்து கரும்படலமாய் இறுகுகின்றது. சுண்ணாம்பு எழுத்துக் குழிகளை நிரப்புகின்றது. அதனைப் போக்கப் புகுவோர் இரும்புக் கம்பித் தூரிகையும் அமிலமும் கொள்வராயின், அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

ஆயினும் ஊராரைப் பழித்தல் தகாது. தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பெற்று நிலைத்துள்ளன. வழிபாடு அற்ற கற்களோ துணி துவைக்கவும் வாயிற்படியாகவும் பயன்பட்டு அழிந்தன. எண்ணெய் பூசிய கைகளே கல்லைக் காத்தன என்பதை மறுப்பார் யார்?

கல்வெட்டாய்வாளர் கொண்டுசெல்லும் பொருள்கள் எளியவை: நீர், தூரிகை, தாள், மை, மை ஒற்றும் பஞ்சு. முதலிற் கல்லை நீர்விட்டுக் கழுவுவர். பின் நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களிற் படியச் செய்து மை ஒற்றுவர். எழுத்துகள் வெண்மையாய்த் தாளில் எழும். இவர்தம் பணியும் நீர்ப்படையில்தான் தொடங்குகின்றது காண்க!

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், வீழ்ந்த ஒருவனைக் குறிக்கின்றது. தீயன் அந்தவன் என்பது அவன் பெயர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின என்பர் அறிஞர். இன்றும் அப்பெயரைக் கல்லில் படிக்கலாம்.