விலங்குகள் அடித்த சல்யூட்

1933 செப்டம்பரில் ஜெர்மனியின் 'கிளாடெராடாட்ஷ்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் ஒரு கார்ட்டூன் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்து விலங்குகளெல்லாம் கூடி நின்று ஒருவருக்கு நாஜி சல்யூட் அடிக்கின்றன. அந்த ஒருவர் ஹெர்மன் கோரிங். ஹிட்லரின் வலது கை!

காரணம் இதுதான். விலங்குகளை உயிரோடு அறுத்துச் செய்யும் சோதனைகளுக்குத் தடை, மீறினால் வதைமுகாம் என்று பிரஷ்யாவின் முதல்வராக இருந்த கோரிங் அந்த ஆகஸ்ட் மாதம் அறிவித்திருந்தார். சில வாரங்களிலேயே அனுமதி பெற்றுச் சோதனை செய்யலாம் என்று தடை தளர்ந்தது. ஆனால் கிடைத்த நல்ல பெயர் மட்டும் அப்படியே நின்றது. நவம்பர் 24 அன்று நாடு முழுமைக்குமான விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகக் கடுமையான சட்டம்தான்.

அப்படியென்றால் நாஜிகள் கருணை உள்ளவர்களா? இதற்கு முன்பே வந்த இன்னொரு சட்டத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். 1933 ஏப்ரல் 21 அன்று, விலங்குகளை மயக்கமடையச் செய்த பிறகே அறுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். யூத மத முறைப்படி அப்படி அறுக்க முடியாது. ஆக, யூதர்களின் உணவுமுறையே குற்றமாகிவிட்டது. 1940ல் வந்த 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படத்தின் கடைசிப் பகுதியில் இந்த அறுப்புக் காட்சிகளைத்தான் காட்டினார்கள். "பாருங்கள், இவர்கள் எவ்வளவு கொடியவர்கள்!" என்று மக்களை நம்ப வைப்பதற்காக. அதை அடுத்து வருவது, யூத இனமே அழியும் என்று ஹிட்லர் 1939ல் பேசிய பேச்சு.

1942ல் யூதர்கள் வீட்டில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிறரிடம் கொடுக்கவும் கூடாது. டிரெஸ்டன் நகரப் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர் வீட்டில் முஷெல் என்றொரு பூனை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போகும் முன், அவர் மனைவி ஏவா தானே மருத்துவரிடம் எடுத்துச் சென்று வலியில்லாமல் சாக வைத்தார். கிளெம்பெரர் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

விலங்குகளைக் காக்கச் சட்டம் போட்ட அரசு, ஒரு பூனையைக்கூட விட்டு வைக்கவில்லை. அது யூதர் வீட்டுப் பூனை, அவ்வளவுதான்!

அதே 1942ல் டாஹாவ் முகாமில் கைதிகளைப் பனிநீரில் போட்டும், காற்றழுத்த அறையில் அடைத்தும் சோதனை செய்தார்கள். பலர் அங்கேயே செத்துப் போனார்கள். சோதனைக்கூட விலங்குகளுக்குச் சட்டத்திலாவது பாதுகாப்பு இருந்தது. அந்த மனிதர்களுக்கு அதுவும் இல்லை.

விலங்குகளிடம் அன்பு காட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரு சர்வாதிகாரி கருணை பேசும்போது, அந்தக் கருணை யாருக்கு எதிராகத் திருப்பப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.